விஷச் சிப்பாய், தொடர் செக், டிரா: வெள்ளை வெற்றியை எங்கே தவறவிட்டது?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பர், சர்வர் வழியாகத் தாம் வெள்ளைக் காய்களுடன் ஆடிய ஓர் அஞ்சல்வழிச் சதுரங்க ஆட்டத்தை முழுவதுமாக அனுப்பியிருக்கிறார். சிசிலியன் தற்காப்பின் நஜ்டோர்ஃப் பிரிவில், விஷச் சிப்பாய் என்று அழைக்கப்படும் வழியில் சென்ற அந்த ஆட்டம் 32-ஆவது நகர்த்தலில் டிராவில் முடிந்திருக்கிறது. அவர் கேட்பவை மூன்று: வெற்றியை எங்கே தவறவிட்டேன், “ரெண்டு கம்ப்யூட்டர் ஆடுன ஆட்டமுங்க இது, நீங்க எங்கீங்க ஆடுனீங்க?” என்று கிளப்பில் கேட்கிறார்களே, அது சரிதானா, இந்தத் தொடக்கத்தை விட்டுவிடலாமா. முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், நீங்கள் எதையும் தவறவிடவில்லை என்பதே. 10-ஆவது நகர்த்தலுக்குப் பிறகு உங்களுக்கு வெற்றி என்று ஒன்று அந்தப் பலகையில் இருக்கவே இல்லை. மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல ஆட்டத்துக்குள் போக வேண்டும்.

வாசகர்கள் பலகையில் வைத்துப் பார்ப்பதற்காக ஆட்டத்தை அஞ்சல்வழிச் சதுரங்கத்துக்கே உரிய எண் குறியீட்டில் தருகிறேன். இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரையிலான வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். முதல் இரண்டு இலக்கங்கள் காய் புறப்படும் கட்டம், அடுத்த இரண்டு அது சேரும் கட்டம். இ2-இல் இருக்கும் சிப்பாய் இ4-க்குப் போனால் 5254. எந்த மொழிக்காரரும் குழப்பமின்றிப் படிக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட முறை இது.

1. 5254 3735 2. 7163 4746 3. 4244 3544 4. 6344 7866 5. 2133 1716 6. 3175 5756 7. 6264 4826 8. 4142 2622 9. 1121 2213 10. 6465 2836 11. 6556 6756 12. 4436 2736 13. 5455 4655 14. 7566 7766 15. 3354 1312 16. 2141 6857 17. 6152 5878 18. 5171 1817 19. 6163 1747 20. 6373 7888 21. 4286 6867 22. 8685 4741 23. 5241 1215 24. 7161 1548 25. 8567 4841 26. 6162 4132 27. 6253 5735 28. 5435 3235 29. 5342 3562 30. 4233 6244 31. 3332 4462 32. 3233, டிரா.

5-ஆவது நகர்த்தலில் கறுப்பு ஏ6-க்குத் தள்ளும் அந்தச் சின்னச் சிப்பாய்தான் நஜ்டோர்ஃபின் அடையாளம். போலந்தில் பிறந்து, 1939-இல் ஒலிம்பியாட் ஆடப் புவெனஸ் ஐரிஸ் போன இடத்தில் உலகப்போர் மூண்டதால் அர்ஜென்டினாவிலேயே தங்கிவிட்ட மிகெல் நஜ்டோர்ஃபின் பெயர் அதற்கு நிலைத்தது. நீங்கள் 6-இல் பிஷப்பை ஜி5-க்கும் 7-இல் சிப்பாயை எஃப்4-க்கும் கொண்டுபோகிறீர்கள். கறுப்பு ராணி பி6-க்கு வருகிறது. சி1-இல் இருந்த பிஷப் வெளியே போய்விட்டதால் பி2 சிப்பாய்க்குக் காவல் இல்லை. கறுப்பு ராணி அதையே குறி வைக்கிறது. நீங்கள் அதைக் காப்பாற்றாமல் ராணியை டி2-இல் வைத்து, “எடுத்துக்கொள்” என்கிறீர்கள். கறுப்பு எடுக்கிறது.

இதில் வெள்ளைக்குக் கிடைப்பது என்ன என்பதைக் காயை எண்ணிப் பார்க்க வேண்டும். 9-ஆவது நகர்த்தல் முடிந்ததும் வெள்ளைக்கு இரண்டு குதிரை, ஒரு பிஷப், ராணி, பி1-க்கு வந்த யானை என ஐந்து காய்கள் வெளியே வந்திருக்கின்றன. கறுப்புக்கு வெளியே இருப்பவை எஃப்6-இல் ஒரு குதிரையும், ஏ3-இல் தனியாக நிற்கும் ராணியும் மட்டுமே. ராஜாவோ இ8-லேயே நடுப்பலகையில் நிற்கிறது. கறுப்பின் முதல் பதினைந்து நகர்த்தல்களில் நான்கு ராணியுடையவை. ஒரு சிப்பாயைக் கொடுத்து இத்தனை வேகத்தை வாங்குவது நியாயமான வியாபாரமா என்ற கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளாக உலகின் பெரிய ஆட்டக்காரர்கள் மாறி மாறிப் பதில் சொன்னார்கள். 1955-இல் கோதன்பர்க் போட்டியில் பால் கெரெஸ் 10-இல் சிப்பாயை இ5-க்குத் தள்ளி ஃபூடரரை விரைவில் வீழ்த்தியபோது, இந்தச் சிப்பாயில் உண்மையிலேயே விஷம் இருப்பதாகத்தான் தோன்றியிருக்கும். இந்த வழியைக் கறுப்புப் பக்கத்திலிருந்து விரும்பி ஆடிய பாபி ஃபிஷர், 1967-இல் மொனாக்கோவில் வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து, நீங்கள் ஆடிய இதே 10-ஆவது நகர்த்தலை ஆடி, யெஃபிம் கெல்லரிடம் 25 நகர்த்தல்களில் தோற்றார். 1972-இல் ரெய்க்யவிக் உலகப் பட்டப் போட்டியின் 7-ஆவது ஆட்டத்தில் ஸ்பாஸ்கி 9-இல் யானைக்குப் பதிலாகக் குதிரையை பி3-க்குக் கொண்டுபோனார், அது டிரா. 11-ஆவது ஆட்டத்தில் அதையே மறுபடி ஆடி, 14-ஆவது நகர்த்தலில் சி3 குதிரையை அது புறப்பட்ட பி1 கட்டத்துக்கே திருப்பி அனுப்பினார். பார்ப்பவருக்குப் பின்வாங்கல் போலத் தோன்றும் அந்த நகர்த்தலுக்குப் பின் ஃபிஷரின் ராணிக்கு வழி அடைபடத் தொடங்கியது. 31 நகர்த்தல்களில் ஃபிஷர் ஆட்டத்தைக் கைவிட்டார். இந்தத் தொடக்கம் அவ்வளவு உயிரோட்டமாக இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன்.

10-இல் நீங்கள் எஃப் சிப்பாயை எஃப்5-க்குத் தள்ளினீர்கள். இதற்குப் பிறகு வருபவை ஏறக்குறைய ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருபவை. இ6-இல் சிப்பாய்களை மாற்றுகிறீர்கள், சி6-இல் குதிரைகளை மாற்றுகிறீர்கள், 13-இல் இ சிப்பாயையும் பலி கொடுக்கிறீர்கள். அந்தப் பலியின் நோக்கம், சி3 குதிரைக்கு இ4 கட்டத்தைத் திறந்து விடுவது. கறுப்பு 13-இல் சிப்பாயை எடுக்காமல் குதிரையை டி5-க்குக் கொண்டுபோகலாம். கெல்லர் செய்தது அதுதான். உங்கள் எதிராளி எடுத்தார். 15-இல் கறுப்பு ராணி ஏ2-ஐயும் தின்றுவிட்டது.

18-ஆவது நகர்த்தல் முடிந்த நிலையைப் பலகையில் வைத்துச் சற்று நேரம் பாருங்கள். வெள்ளைக்குச் சிப்பாய்கள் மூன்றே: சி2, ஜி2, எச்2. கறுப்புக்கு ஆறு. அதோடு கறுப்புக்கு இரண்டு பிஷப்புகளும் இருக்கின்றன. காய்கள் குறைந்த இறுதியாட்டத்துக்கு இப்படியே போனால் வெள்ளைக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கறுப்பு ராஜாவின் முன்னால் ஜி வரிசை திறந்து கிடக்கிறது, ராணி ஏ2-இல் தொலைவில் நிற்கிறது, சி8 பிஷப் இன்னும் ஒரு கட்டம்கூட நகரவில்லை. இந்த இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று சரியாக ஈடுகட்டுகின்றன என்பதுதான் இந்த ஆட்டத்தின் முழுக்கதையும்.

19-இல் யானை எஃப்3-க்கு ஏறி, 20-இல் ஜி3-இல் செக் வைத்து, 21-இல் ராணி எச்6-க்கு வந்து ஜி7-இல் மேட் என்று மிரட்டுகிறது. கறுப்பு யானையை எஃப்7-இல் நிறுத்தி அடைக்கிறது. 22-இல் ராணியை ஒரு கட்டம் கீழே எச்5-க்கு இறக்கி, காவலில்லாத அந்த யானையைத் தாக்குகிறீர்கள். டி வரிசையில் யானைகள் மாறுகின்றன. பிறகு கறுப்பு ராணி ஏ5-க்கு வருகிறது. இந்த இடத்தில்தான் ஆட்டத்தின் மிக அழகான நகர்த்தல் உங்களுடையதாக இருக்கிறது. கிளப்பில் பேசியவர்கள் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

எஃப்7 யானை எடுக்கச் சொல்லிக் காத்திருக்கிறது. எடுத்தால் அடுத்த நகர்த்தலில் மேட் மிரட்டலும் உண்டு. கை தானாக எஃப்7-க்குப் போகும். ஆனால் எடுத்த கணத்தில் கறுப்பு ராணி ஏ5-இலிருந்து மூலைவாட்டாக ஓடி இ1-இல் செக்மேட். வெள்ளை ராஜா ஜி1-இல், முன்னால் ஜி2, எச்2 சிப்பாய்கள். எஃப்2-க்கு நகரலாம் என்றால் அந்தக் கட்டமும் ராணியின் பார்வையில். எஃப்1-இல் குறுக்கே வந்து மறைக்க ஒரு காய்கூட இல்லை. டி1 பிஷப் ராணிக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே நின்றும் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் பிஷப் நேராகப் போகாது. ஆகவே 24-இல் நீங்கள் ஆடிய ராஜா எஃப்1, மேட்டையும் தடுத்து, எஃப்7 மிரட்டலையும் விட்டுவிடாமல் வைத்திருக்கிறது. மூன்று சிப்பாய் குறைவாக இருக்கும்போது, தாக்குதலின் உச்சத்தில், ராஜாவை ஒரே ஒரு கட்டம் நகர்த்திவிட்டுக் காத்திருப்பது எளிதான காரியம் அல்ல.

எதிராளியின் பதிலும் அதே தரத்தில் இருக்கிறது. யானையைக் காப்பாற்றுவதாக நினைத்து அதை ஜி7-க்கு நகர்த்தியிருந்தால், உங்கள் ராணி இ8-இல் செக் வைக்கும். பிஷப்பை எஃப்8-இல் கொண்டுவந்து மறைத்தால் ராணி அதையும் எடுத்துச் செக், யானையை ஜி8-இல் வைத்து மறைத்தால் அங்கே மேட். ஆகவே அவர் யானையைக் கைவிட்டு, ராணியை டி8-க்கு இழுத்தார். அங்கிருந்து அது இ8-ஐக் காக்கிறது, டி1 பிஷப்பையும் தாக்குகிறது. இரு பக்கமும் ஒரே ஒரு சரியான நகர்த்தலைக் கண்டுபிடித்து, அதனால் இருவரும் பிழைத்திருக்கும் நிலை இது.

25-இல் நீங்கள் யானையை எடுத்ததும் ஜி7, ஜி8 என மேட் கட்டங்கள் உங்கள் கையில். அந்த நொடியிலிருந்து கறுப்பு ஒவ்வொரு நகர்த்தலிலும் செக் வைத்தே தீர வேண்டும்; செக் இல்லாத ஒரு நகர்த்தல் ஆடினால் ஆட்டம் முடிந்தது. கறுப்பு ராணி டி1, சி2 என்று செக் வைத்து வர, 27-இல் நீங்கள் ராஜாவை இ3-க்கு ஏற்றி வெளியேறப் பார்த்தீர்கள். பிஷப் சி5-இல் தன்னைப் பலி கொடுத்து உங்கள் குதிரையை இழுத்துக்கொண்டது. அதன்பின் எஃப்2, டி4, மறுபடி எஃப்2. உங்கள் கடிதத்தில் 32-இல் ராஜாவை வேறு பக்கம் கொண்டுபோயிருக்கலாமோ என்று கேட்டிருந்தீர்கள். பி3-க்குப் போனால் ராணி பி6-இல் செக். டி1-க்குப் போனால் எஃப்1-இல் செக் வைத்து, நீங்கள் டி2-க்கு ஏறியதும் திரும்ப எஃப்2. மறைவிடம் இல்லை. உங்களுக்குத் தோல்வியும் இல்லை, ஏனென்றால் கறுப்பு ராணிக்கு ஜி3 யானையை எடுக்கவும் வழியில்லை. எச்2 சிப்பாய் அதைக் காத்து நிற்கிறது. அந்தப் பலகையில் கடைசிவரை அசையாமல் நின்று வேலை செய்த காய் அதுதான்.

விதி பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கப் போட்டிகளில் இதில் அடிக்கடி வாக்குவாதம் வருகிறது. தொடர் செக் என்பதற்காக மட்டும் டிரா கோரும் தனி விதி இன்று கிடையாது. ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் கோரலாம், அல்லது இருவரும் ஒப்புக்கொள்ளலாம். உங்கள் ஆட்டத்தில் ராஜா சி3-இலும் கறுப்பு ராணி எஃப்2-இலும் நிற்கும் நிலை 30-இல் ஒருமுறை, 32-இல் இரண்டாம் முறை வந்திருக்கிறது. மூன்றாம் முறைக்குக் காத்திருக்காமல் ஒப்புக்கொண்டீர்கள். அது முற்றிலும் முறையானது.

இனி உங்களுக்கு வருத்தம் தரக்கூடிய செய்தி. இந்த வழி ஏற்கெனவே நடக்கப்பட்ட வழி. 2004-இல் ஸ்பெயினின் வாலெஹோ போன்ஸும் காஸ்பரோவும் இதே வழியில் சென்று இதே தொடர் செக்கில் டிரா செய்தார்கள். அதன்பின் பலரும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 10-இல் எஃப்5 ஆடி 13-இல் இ5 தள்ளும் வழியை, ஊற்று வற்றும்வரை இறைத்துவிட்ட கிணறு என்றே சொல்லலாம். நானும் என்ஜினுடன், அதாவது சதுரங்க நிலைகளை ஆராயும் கணினி நிரலுடன், உட்கார்ந்து 19-ஆவது நகர்த்தலிலிருந்து கிளைகளைத் தேடிப் பார்த்தேன். வெள்ளைக்குச் சாதகமாகச் சற்று ஏறும் மதிப்பு, ஆழம் கூடக் கூடப் பூஜ்யத்துக்கே, அதாவது சமநிலைக்கே, திரும்பிவிடுகிறது. ஆகவே முடிவு 32-இல் ஏற்பட்டதல்ல. நீங்கள் 10-ஆவது நகர்த்தலைச் சர்வரில் பதிவு செய்த அன்றே, எதிராளியும் வழி தெரிந்தவர் என்றால், டிராவைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள்.

அஞ்சல்வழிச் சதுரங்கம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. தொடக்கங்களுக்குப் பெயர் தந்ததே அதுதான். 1824-இல் தொடங்கி 1828 வரை எடின்பரோ, லண்டன் கிளப்புகள் கடிதம் வழியாக ஆடிய ஐந்து ஆட்டங்களிலிருந்துதான் ஸ்காட்ச் ஆட்டம் என்ற பெயர் வந்தது. எடின்பரோ இரண்டில் வென்று, ஒன்றில் தோற்று, இரண்டை டிரா செய்தது. 1842 முதல் 1846 வரை பாரிஸை எதிர்த்து ஆடிய பெஸ்ட் நகரத்தார் இரண்டு ஆட்டங்களையும் வென்று, ஹங்கேரியத் தற்காப்பு என்ற பெயரை விட்டுச் சென்றார்கள். பன்னாட்டு அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பு 1951-இல் உருவானது. முதல் உலகப் பட்டத்தை ஆஸ்திரேலியாவின் செசில் பர்டி பெற்றார். 1965 முதல் 1968 வரை நடந்த ஐந்தாவது பட்டப் போட்டியில் அமெரிக்காவின் ஹான்ஸ் பெர்லினர் 16 ஆட்டங்களில் 12-ஐ வென்று 4-ஐ டிரா செய்தார். அதில் எஸ்த்ரின் என்ற சோவியத் ஆட்டக்காரரை, எஸ்த்ரினே நிபுணராக இருந்த இரு குதிரைத் தற்காப்பில், வீட்டில் உட்கார்ந்து தோண்டியெடுத்த புது யோசனையால் 42 நகர்த்தல்களில் வீழ்த்திய ஆட்டம், அஞ்சல்வழி ஆட்டங்களிலேயே மிகவும் பேசப்பட்டது. அதே பெர்லினர் பின்னாளில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹைடெக் என்ற சதுரங்கக் கணினியை உருவாக்கினார் என்பதையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. மனித உழைப்பால் பன்னிரண்டு ஆட்டங்களை வென்றவரே இயந்திரங்களின் காலத்தைக் கட்டியவர்களில் ஒருவர்.

நம் ஊர்ப் பக்கம் அட்டையில் ஆடியவர்களுக்கு அந்த உழைப்பு தெரியும். பதினைந்து பைசா அஞ்சலட்டையில் நான்கு இலக்க எண், எதிராளியின் கடைசி நகர்த்தலைத் திரும்ப எழுதி உறுதி செய்யும் ஒரு வரி, அட்டை கிடைத்த தேதி, பதில் அனுப்பும் தேதி, யோசித்த நாள்களின் கணக்கு. பத்து நகர்த்தல்களுக்கு முப்பது நாள். அட்டை வழியில் இருக்கும் நாள்கள் கணக்கில் வராது. அன்றைக்கே புறப்பட வேண்டும் என்றால் கோவை ரயில் நிலையத்து ஆர்.எம்.எஸ். (ரயில்வே அஞ்சல் சேவை) பெட்டியில் இரவுக்குள் போட வேண்டும். எதிராளி எடுப்பது உறுதி என்று தெரியும் இடத்தில், “நீ இதை ஆடினால் நான் இதை ஆடுகிறேன்” என்று நிபந்தனை நகர்த்தல்களை அதே அட்டையில் எழுதி இரண்டு வாரத்தை மிச்சப்படுத்துவார்கள். அப்படி எழுதியது கையெழுத்திட்ட வாக்கு. அவர் நீங்கள் சொன்னபடியே ஆடிவிட்டால் பின்வாங்க முடியாது. உங்கள் 24-ஆவது நகர்த்தலில் இருந்த அந்த இ1 மேட்டைப் பார்க்காமல், “ராணி ஏ5 என்றால் நான் எஃப்7-ஐ எடுக்கிறேன்” என்று ஒருவர் அட்டையில் எழுதி அனுப்பியிருந்தால், அட்டை தபால்பெட்டிக்குள் விழுந்த சத்தத்தோடு ஆட்டமும் முடிந்திருக்கும்.

இன்று பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஆட்டங்களில் என்ஜினைப் பயன்படுத்த வெளிப்படையாகவே அனுமதி உண்டு. ஏழு காய்கள் வரையிலான இறுதியாட்டங்களுக்கு முழு விடையும் அட்டவணையாக இருக்கிறது; அந்த அட்டவணையைக் காட்டியே வெற்றியையோ டிராவையோ கோரலாம். இதனால் உச்சநிலைப் போட்டிகளில் மிகப் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவாகவே முடிகின்றன. இதை ஆட்டத்தின் சாவு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. இருவரும் தவறே செய்யாவிட்டால் சதுரங்கம் டிராவில் முடியும் என்று நெடுங்காலமாக நம்பப்பட்டதற்கு, ஆட்டம் ஆட்டமாகச் சான்று சேர்ந்துகொண்டிருக்கிறது. அந்தச் சான்றில் உங்கள் ஆட்டமும் ஒரு பக்கம். ஆனால் அந்தச் சான்றை இரண்டாம் முறை எழுதுவதில் உங்களுக்குப் பயன் குறைவு என்பதும் உண்மை.

இங்கே உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கணினி ஆடியதா, நீங்கள் ஆடியதா என்பதை அறிய ஒரு சோதனை போதும். என்ஜினை அணைத்துவிட்டு, 18-ஆவது நகர்த்தலுக்குப் பிந்தைய நிலையைப் பலகையில் அடுக்கி, எஃப்7-ஐ ஏன் உடனே எடுக்கவில்லை, 16-இல் யானை ஏன் டி1-க்கு வந்தது, கறுப்பு 18-இல் ஏன் யானையை ஏ7-க்கு ஏற்றியது என்று வேறொருவருக்கு உங்களால் விளக்க முடிந்தால், அது உங்கள் ஆட்டம். கடைசிக் கேள்விக்கான விடை, அந்த யானை ஏழாம் வரிசை வழியாக டி7-க்கு வந்து தற்காப்பில் சேர வேண்டும் என்பது. 19-இல் அது நடந்தேவிட்டது. உங்கள் கடிதத்தில் 24-ஆவது நகர்த்தலைப் பற்றி, “ராஜாவை நகர்த்தாவிட்டால் கடைசி வரிசையில் மேட்” என்று ஒரு குறிப்பு இருந்தது. அந்த ஒரு வரியைப் பார்த்தபின் கிளப்பில் சொன்னதை நான் ஏற்கத் தயாராக இல்லை.

அவர்களுடைய அளவுகோல் வேறு என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். ஈரோட்டு இனியன் 2019-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனதைப் பக்கத்திலிருந்து பார்த்த தலைமுறை இது. சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபத்திலும் கல்லூரி அரங்கிலும் கடிகாரத்தை அழுத்தி ஆடுகிறார்கள். “கெலிச்சீங்களா?” என்பதுதான் அங்கே முதல் கேள்வி. அந்த ஆட்டத்தில் இந்தத் தொடக்கம் இன்னும் செத்துவிடவில்லை. இரண்டு மணி நேரத்தில், நினைவிலிருந்து, 24-இல் ராணி டி8-ஐக் கண்டுபிடிக்க எத்தனை பேரால் முடியும்? கறுப்பு ஒரே ஒரு நகர்த்தல் தடுமாறினாலும் மேட். ஆகவே மேசை முன் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களுக்கு இதைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சல்வழியில் நீங்கள் நகர்த்தல் நகர்த்தலாக ஆராய்ந்தது அங்கேதான் பலன் தரும்.

அஞ்சல்வழி ஆட்டத்துக்கு மட்டும் மாற்றச் சொல்வேன். கட்டாய நகர்த்தல்களின் நீண்ட சங்கிலியாகப் போகும் வழிகளைத் தவிர்ப்பதே முதல் வேலை, ஏனென்றால் சங்கிலியைக் கடைசிவரை எண்ணிப் பார்ப்பதில் என்ஜினை யாரும் மிஞ்ச முடியாது. அதே காரணத்துக்காக, ரூய் லோபஸில் பெர்லின் தற்காப்பை ஆடுபவரிடம் இ வரிசையைத் திறந்து காய்களை மளமளவென்று மாற்றிக்கொள்ளும் வழிக்குப் போகாதீர்கள். 2000-இல் லண்டனில் காஸ்பரோவ் ஒரு ஆட்டம்கூட வெல்ல முடியாமல் கிராம்னிக்கிடம் பட்டத்தை இழந்ததில் அந்தத் தற்காப்புக்குப் பெரிய பங்கு உண்டு, அப்போது இன்றைய அளவுக்கு வலுவான என்ஜின்கூட இல்லை. சிப்பாய்கள் பலவும் பலகையில் இருக்க வேண்டும், மாற்றங்கள் தள்ளிப்போக வேண்டும், திட்டம் இருபது நகர்த்தல் நீளமாக இருக்க வேண்டும். நஜ்டோர்ஃபை எதிர்த்து 6-இல் பிஷப்பை இ2-இல் அமைதியாக வைப்பதும், எச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவதும் அப்படிப்பட்ட நிலைகளைத் தரும். பிஷப்பை இ3-இல் வைப்பதும் நல்லதுதான், ஆனால் அதில் இரு பக்கமும் எதிரெதிர்த் திசையில் காஸ்லிங் செய்து சிப்பாய்களை ஓட்டும் கிளைகளில் மறுபடி சங்கிலி வந்துவிடுகிறது. விஷச் சிப்பாயை விட்டுப் பிரிய மனமில்லை என்றால், 10-இல் எஃப்5-க்குப் பதிலாக இ5 தள்ளும் கெரெஸின் பழைய வழி 2000-களில் மறுபடி உயிர் பெற்றது. இரண்டு சிப்பாயைக் கொடுத்து ராஜாவை நடுவிலேயே பிடித்துவைக்கும் வழி அது. அதுவும் சரியான தற்காப்பில் டிராதான் என்றாலும், எதிராளிக்கு அங்கே யோசிக்க வேண்டிய இடங்கள் கூடுதல்.

கறுப்புப் பக்கத்துக்கு இந்த அறிவுரை பொருந்தாது. கறுப்பாக ஆடும்போது, உங்களைவிட ரேட்டிங் அதிகமுள்ளவர் விஷச் சிப்பாயைக் கொடுத்தால் தயங்காமல் எடுங்கள். 13-இல் சிப்பாயை எடுப்பதா, குதிரையை டி5-க்குக் கொண்டுபோவதா என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். மீதி வழி இந்த ஆட்டத்திலேயே உங்களிடம் இருக்கிறது.